அலைவரிசையில் உரிமமில்லாத குரல் கேட்டால்...

இந்தியாவில் ஹாம் (அமெச்சூர்) வானொலிக்காரர்களுக்கு ஒதுக்கிய அலைவரிசைகளில் அதிகம் புழங்குவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ். விலை குறைந்த வாக்கி டாக்கிகளோ 136 முதல் 174 வரை எதிலும் பேசும். கல்யாண மண்டபத்தின் பேச்சும் கட்டட வேலையின் பேச்சும் நம் அலைவரிசைக்குள் வருவது இதனால்தான்.

1. முதலில் உங்கள் செட்டைச் சந்தேகப்படுங்கள். பக்கத்தில் பலமான சிக்னல் இருந்தால், சாதாரண செட் அதை இல்லாத இடத்தில் காட்டும். இன்னொரு நண்பரும் வேறு செட்டில் கேட்டுச் சொல்லட்டும்.

2. பதில் பேசாதீர்கள். உரிமம் உள்ளவர் உரிமம் உள்ளவரோடுதான் பேசலாம். திட்டுவதும், பட்டனை அழுத்திப் பிடித்து அவர் பேச்சை அமுக்குவதும் உங்களையும் விதிமீறியவர் ஆக்கிவிடும். வேண்டுமென்றே வம்பு செய்கிறவர், யாரும் கண்டுகொள்ளாவிட்டால் பெரும்பாலும் அலுத்துப்போய் விலகிவிடுவார்.

3. ஆனால் உதவி கேட்டு ஒருவர் கதறினால் உரிமம் பார்க்காதீர்கள், உடனே பதில் கொடுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது போர்ட் பிளேரிலிருந்து ஹாம் குரல்கள்தான் செய்தி கொண்டுவந்தன. அலைவரிசையை நாம் காப்பதே அப்படிப்பட்ட நாளுக்காகத்தான்.

4. தேதி, நேரம், அலைவரிசை, மொழி, காதில் விழுந்த ஊர்ப்பெயர், சிக்னலின் பலம் எல்லாவற்றையும் அன்றன்றே நோட்டில் எழுதுங்கள். குரலைப் பதிவு செய்தால் புகாரோடு மட்டும் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றவிட வேண்டாம்.

5. எங்கிருந்து பேசுகிறார் என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. கைசெட்டை மார்போடு ஒட்டிப் பிடித்து மெதுவாக ஒரு சுற்று திரும்புங்கள். சிக்னல் எப்போது மிகக் குறைகிறதோ, அப்போது அவர் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிறார். இப்படி இரண்டு மூன்று இடங்களில் பார்த்து, வரைபடத்தில் கோடு போட்டால் கோடுகள் சந்திக்கும் பகுதி தெரியும். பேச்சை வாங்கி வேறு அலைவரிசையில் மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் வழியாகப் பேசினால், வரும் அலைவரிசையைக் கேட்டுப் பயனில்லை, அது ரிப்பீட்டர் கோபுரத்தைத்தான் காட்டும். 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி அவர் அனுப்பும் அலைவரிசையைக் கேளுங்கள். கிட்டே போனதும் சிக்னல் எல்லாப் பக்கமும் நிரம்பிவிடும். அப்போது செட்டை அந்த அலைவரிசையின் மூன்று மடங்கில் வையுங்கள்: 145-க்கு 435. அங்கே மெலிதாகத்தான் கேட்கும், அதனால் திசை தெளியும்.

6. இடம் தெரிந்தாலும் வாசலில் போய்ச் சண்டை போடாதீர்கள். தெரியாமல் செய்கிற நிறுவனம் என்றால், பொறுப்பாளரிடம் மரியாதையாக விஷயத்தைச் சொல்லுங்கள். அவர்களுக்கு மாற்றுவழியையும் காட்டுங்கள்: 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும், அரசு அங்கீகாரம் பெற்ற குறைந்த சக்தி செட்டுகளுக்குத் தனி உரிமம் வேண்டாம். பிள்ளைகளுக்கு வாங்கும்போதும் இதையே பார்த்து வாங்குங்கள்.

7. அதற்கும் அடங்காவிட்டால் உள்ளூர் ஹாம் சங்கம் வழியாக, தொலைத்தொடர்புத் துறையின் வானலைக் கண்காணிப்பு அமைப்புக்கு நோட்டுக் குறிப்போடு எழுதுங்கள். சென்னையிலும் அதற்கு நிலையம் உண்டு. 7, 14 மெகாஹெர்ட்ஸில் வெளிநாட்டிலிருந்து வரும் ஊடுருவலைச் சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியம் கண்காணிக்கிறது.

8. ஆர்வத்தில் பேசும் இளைஞர் என்று தெரிந்தால், நேரில் கண்டு ஹாம் உரிமப் பரீட்சைக்கு அழைத்து வாருங்கள். 12 வயது நிரம்பினால் போதும். ஆரம்ப நிலை உரிமத்துக்கு மோர்ஸ் குறியீடு தேவையில்லை.