நியூ ஆர்லியன்ஸ் செல்லும் மருமானுக்கு



உன் கடிதம் கிடைத்தது. ஆகஸ்டு மாதத்தில், கல்லூரி திறப்பதற்குள், நண்பர்கள் மூவரோடு ஹூஸ்டனிலிருந்து காரிலேயே நியூ ஆர்லியன்ஸுக்குப் போய், ஜாஸ் சங்கீதம் கேட்டு, அந்த ஊர்ச் சாப்பாட்டையும் ருசி பார்த்துவர உத்தேசித்திருப்பதாகவும், போகவேண்டிய இடங்களுக்கு ஒரு பட்டியல் எழுதி அனுப்பும்படியும் கேட்டிருக்கிறாய். பட்டியல் எழுதுவது சுலபம். ஆனால் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு புறப்படுகிறவர்கள் ஒவ்வோர் இடத்திலும் ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஒன்றையும் நின்று கேளாமலும் ஒன்றையும் உட்கார்ந்து உண்ணாமலும் திரும்பிவிடுவதை நான் கண்டிருக்கிறேன். அந்த ஊரில் சங்கீதமும் சமையலும் பிரயாணிகளுக்காக ஏற்பட்ட இரண்டு தனித்தனி விநோதங்கள் அல்ல. அநேகமாக எல்லாமே மறுக்கப்பட்ட ஒரு ஜனசமூகம், தன் வசம் எஞ்சியிருந்த நேரத்தையும் பொருளையும் கொண்டு உண்டாக்கிக்கொண்ட இரண்டு செல்வங்கள் அவை. இதை மனத்தில் வாங்கிக்கொண்டு நீ போவாயானால், எங்கே போவது, எப்படிக் கேட்பது, எதைச் சாப்பிடுவது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை தானாகவே கிடைக்கும்.

1718-இல் பிரெஞ்சுக்காரர் மிசிசிப்பி ஆற்றின் வளைவில் நிர்மாணித்த அந்த நகரம், பின்பு ஸ்பெயின் தேசத்தாரிடம் போய், 1803-இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளோடு சேர்ந்தது. எஜமானர்கள் மாறினார்களே ஒழிய, ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகளின் நிலை மாறவில்லை. ஆயினும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களிடம் வேலை வாங்குவதில்லை என்ற பழைய ஏற்பாடு ஒன்று அங்கே இருந்து வந்தது. அந்தப் பொழுதில் அவர்கள் ஊரின் பின்புறத்துத் திடலில் கூடித் தங்கள் தங்கள் நாட்டு மேளங்களைக் கொட்டி ஆடினார்கள், பாடினார்கள். தோட்டத்தில் விளைந்ததையும் அடுப்பில் சமைத்ததையும் அங்கேயே விற்றுக் காசு சேர்த்தார்கள். சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்டவர்களும் அந்த நகரத்தில் உண்டு. ஞாயிறன்று, மேயர் குறிப்பிட்ட இடத்தில் மட்டுமே அடிமைகள் கூடலாம் என்று 1817-இல் நகர நிர்வாகம் சட்டம் செய்தது. காங்கோ சதுக்கம் என்று பெயர்பெற்ற அந்தத் திடலே அவர்களுக்கு உரிய இடமாயிற்று. அந்த நாட்டின் வேறு பல பகுதிகளில் அடிமைகள் மேளத்தைத் தொடுவதே குற்றமாக இருந்த காலத்தில், இங்கே மேளமும் சந்தையும் ஒரே மண்ணில், ஒரே பிற்பகலில் நடந்தன என்பதை நீ நன்றாக நினைத்துப் பார்க்கவேண்டும்.

ஆகையால் முதல் நாள் காலையில், வெயில் ஏறுவதற்குள், அங்கே போங்கள். டிரெமே என்ற பேட்டையின் ஓரத்தில், லூயி ஆம்ஸ்ட்ராங் பூங்காவுக்குள் அது இருக்கிறது. பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இராது. மரநிழலும் கல் பாவிய தரையுமே இருக்கும். அங்கிருந்து டிரெமேயின் தெருக்களில் நடந்து கிளைபோர்ன் அவென்யூவுக்கு வந்தால், தலைக்கு மேலே கான்கிரீட் தூண்களின்மீது ஒரு நெடுஞ்சாலை ஓடுவதைக் காண்பீர்கள். ஹூஸ்டனிலிருந்து உங்களை அழைத்துவந்த அதே பத்தாம் எண் நெடுஞ்சாலைதான் அது. ஒரு காலத்தில் அந்த வீதியின் நடுவே ஓக் மரங்கள் வரிசையாக நின்றன. கறுப்பின மக்களின் கடைகளும் காரியாலயங்களும் இருபுறமும் செழித்திருந்தன. பண்டிகையென்றால் குடும்பங்கள் அம்மரங்களின் கீழே கூடின. 1960-களில் மரங்களை வெட்டிச் சாய்த்து, வீதிக்கு மேலே சாலையை எழுப்பிவிட்டார்கள். வேகமாகப் போய்ச் சேரவேண்டும் என்ற நம்முடைய ஆசைக்கு யார் எதைக் கொடுத்தார்கள் என்பதை, அந்தச் சாலையில் வந்திறங்குகிற நீங்கள் அறிந்திருப்பது நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனிச் சங்கீதத்துக்கு வருகிறேன். அந்த நகரத்தில் கிரியோல் எனப்பட்ட கலப்பு வம்சத்தார் பலர் சுரக்குறிப்பைப் படித்து, ஐரோப்பிய முறையில் முறையாகப் பயின்றவர்கள். ஊரின் மேற்புறத்தில் குடியிருந்த கறுப்பின வாத்தியக்காரர்களோ காதால் கேட்டுப் பழகி, துயரப் பாட்டையும் தேவாலயப் பாட்டையும் கருவியில் ஏற்றியவர்கள். 1890-களில் நிறவேற்றுமைச் சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்து இவ்விரு வகுப்பாரையும் ஒரே பக்கமாகத் தள்ளின. வெள்ளையருக்கான ரயில் பெட்டியில் ஏறியதற்காக 1892-இல் கைதான ஹோமர் பிளெஸ்ஸி, அந்த ஊர்க் கிரியோல்தான். அப்படித் தள்ளப்பட்டவர்கள் ஒரே மேடையில் வாசிக்க நேர்ந்ததில்தான் ஜாஸ் உருவெடுத்தது என்று சரித்திராசிரியர் பலர் கருதுகிறார்கள். ஜாஸ் வாசித்தவர்களில் முதல்வனாக எண்ணப்படும் கார்னெட் வித்வான் பட்டி போல்டன் 1907-இல் சித்தம் கலங்கி மருத்துவ விடுதியில் சேர்க்கப்பட்டு, 1931-இல் அங்கேயே மரித்தான். அவன் வாசிப்பில் ஓர் இசைத்தட்டுகூட நமக்கு மிஞ்சவில்லை.

மிஞ்சியவற்றை வழியிலேயே கேட்டுக்கொண்டு போங்கள். 1923-இல் கிங் ஆலிவரின் குழு பதிவு செய்த 'டிப்பர்மவுத் புளூஸ்' முதலில் இருக்கட்டும். அதில் இரண்டாவது கார்னெட் வாசிப்பவன்தான் இளைஞன் லூயி ஆம்ஸ்ட்ராங். பிறகு 1928-இல் அவன் தன் குழுவோடு தந்த 'வெஸ்ட் எண்ட் புளூஸ்'. பக்கவாத்தியம் ஒன்றுமின்றி, தாளக் கட்டின்றி, அவன் தனியாக எக்காளத்தை எடுத்து ஊதும் அந்தத் தொடக்கத்தைக் கேட்கும்போது, நம் வித்வான் ஒருவர் கிருதிக்குமுன் ராகத்தை விஸ்தரிக்கிற நினைவு உனக்கு வராமல் இராது.

பழைய பாணி ஜாஸை முதன்முதலாகக் கேட்கிறவர்களுக்கு எல்லோரும் ஒரே சமயத்தில் பேசுவதாகத் தோன்றும். அதற்கு உபாயம் இருக்கிறது. முதல் உருப்படியில் எக்காளத்தை மட்டும் பின்தொடர். பாட்டின் உருவம் அதனிடம் இருக்கும். அடுத்ததில் கிளாரினெட்டைப் பிடித்துக்கொள். ஏ.கே.சி. நடராஜன் அவர்களின் கையில் அது ராகம் பேசியதை நம் வீட்டில் கேட்டு வளர்ந்தவன் நீ. இங்கே அது பாட்டுக்கு மேலே கொடிபோலச் சுற்றிப் படர்வதைக் கவனி. மூன்றாவதில், கீழே வழுக்கி வழுக்கி வரும் டிராம்போன். இவ்வளவும் ஆனபின் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சேர்த்துக் கேள். எழுதிவைத்ததைப் படிக்காமல், ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டுக்கொண்டே தம் பங்கைச் சொல்கிற மனோதர்மம் அது என்பது அப்போது விளங்கும்.

கேட்பதற்கு உகந்த இடம், செயின்ட் பீட்டர் தெருவிலுள்ள பிரிசர்வேஷன் ஹால். 1961-இல் ஆலன் ஜாஃபி, சாண்ட்ரா ஜாஃபி என்ற தம்பதிகள் ஏற்று நடத்தத் தொடங்கிய அந்தச் சிறு கூடத்தில் சாப்பாடில்லை, வாசிப்பின்போது படம் எடுக்கவும் அனுமதியில்லை. சில பெஞ்சுகளும், வாத்தியக்காரர்களின் காலடியில் தரையில் உட்காரச் சில மெத்தைகளுமே உண்டு. வயதானவர்களான அந்நாளைய வித்வான்களுக்கு வேறெங்கும் மதிப்பில்லாதிருந்த காலத்தில் அந்தக் கூடம் அவர்களுக்கு மேடையும் சம்பளமும் கொடுத்தது. இரவு நேரத்துக்கு ஃபிரெஞ்ச்மன் தெரு இருக்கிறது. நுழைவுக் கட்டணமில்லாத இடங்களில் நடுவில் ஒரு வாளியைச் சுற்றிவிடுவார்கள். அதில் விழும் பணமே அன்றைய வாத்தியக்காரரின் ஊதியத்தில் பெரும்பங்கு. கையில் நோட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள், தாராளமாகப் போடுங்கள். போர்பன் தெருவில் ஒரு தடவை நடந்துவிட்டு வந்துவிடலாம்; குடியும் கூச்சலும் மிகுந்த அந்தத் தெருவுக்காக ஓர் இரவைச் செலவிடுவது விரயம்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும்போது, கம்போவைப் போன்றதே ஜாஸ், எல்லாம் கலந்த கலவை என்று உங்களிடம் பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கம்போவில், பிரெஞ்சு முறைப்படி மாவை எண்ணெயில் விட்டு, அடிப்பிடிக்காமல் கிளறிக் கிளறிப் பழுப்பாக்கிய கூழும், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வெண்டைக்காயும், சாக்டா பழங்குடியினர் கற்றுக்கொடுத்த சாஸஃப்ராஸ் இலைப் பொடியும், வெங்காயம், செலரி, பச்சைக் குடைமிளகாய் என்ற மூன்றின்மீது வெந்து ஒன்றாகிவிடுகின்றன. நல்ல ஜாஸிலோ ஒவ்வொரு குரலும் கடைசிவரை தனியாகவே நிற்கிறது. இரண்டுக்கும் உறவு வேறிடத்தில் இருக்கிறது: இரண்டும் வாழ்க்கையின் ஒழுங்கில் அதனதன் வேளைக்கு வருபவை. திங்கட்கிழமை அந்த ஊரில் துணி துவைக்கும் நாளாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விருந்தில் மிஞ்சிய பன்றித்தொடை எலும்பைச் சிவப்பு ராஜ்மாவோடு பானையில் போட்டுச் சிறுதீயில் வைத்துவிட்டு, பெண்கள் துவைக்கப் போவார்கள். மாலைக்குள் அது குழைந்து சோற்றுக்குக் குழம்பாகியிருக்கும். இன்றும் திங்களன்று உணவகங்களில் அதுவே விசேஷம். ஆம்ஸ்ட்ராங்குக்கு அதன்மேல் இருந்த பிரியத்தால், தம் கடிதங்களின் முடிவில் கையொப்பத்துக்கு மேலேகூட அந்த ராஜ்மாச் சோற்றைச் சேர்த்து எழுதுவது அவர் வழக்கம். அதுபோலவே சாவுக்கும் ஊர்வலத்துக்கும் சங்கீதம் உண்டு. காப்பீடு மறுக்கப்பட்ட கறுப்பின மக்கள் சந்தா சேர்த்து நடத்திய பரஸ்பர சகாய சங்கங்கள், அங்கத்தினர் ஒருவர் இறந்தால் அடக்கச் செலவையும் வாத்தியக் குழுவையும் கொடுத்தன. மயானம்வரை சோக கீதம், உடலை விடைகொடுத்து அனுப்பியபின் துள்ளல் நடை.

மதியம் ஒரு நாள் ஆர்லியன்ஸ் அவென்யூவிலுள்ள டூக்கி சேஸ் உணவகத்தில் உண்ணுங்கள். 1941-இல் சிறு கடையாகத் தொடங்கிய அதை, அந்த வீட்டு மருமகளாக வந்த லியா சேஸ் அம்மையார், வெள்ளைத் துணி விரித்த மேஜைகளோடு கறுப்பின மக்கள் கௌரவமாக அமர்ந்து உண்ணும் இடமாக வளர்த்தார். அவருடைய கணவர் எக்காளம் வாசித்தவர், சொந்தமாக ஒரு வாத்தியக் குழுவை நடத்தியவர் என்பதை, சங்கீதத்தையும் சாப்பாட்டையும் தேடிப்போகிற நீ தெரிந்துகொள்ளவேண்டும். இரு நிறத்தாரும் ஒரு மேஜையில் உட்காருவது சட்டவிரோதமாக இருந்த நாளில், சமஉரிமைக்காகப் போராடிய இளைஞர்கள் அந்த வீட்டு மாடியில் சேர்ந்து உட்கார்ந்து கம்போ உண்டுகொண்டே யோசனை செய்தார்கள். 2005-ஆம் ஆண்டு கத்ரீனா புயலில் நகரத்தின் ஐந்தில் நான்கு பங்கு மூழ்கியபோது அந்த உணவகமும் நீரில் நின்றது. எண்பது வயதைக் கடந்த அம்மையார் அதை மறுபடி திறந்து, 2019-இல் காலமாகும்வரை அந்த அடுக்களையை விடவில்லை. அவரைப் போன்றவர்களைத்தான் நான் பெரிய மனிதர்கள் என்று சொல்வேன்.

ஆம்ஸ்ட்ராங்கைப் பற்றி இன்னும் ஒன்று எழுதாமலிருக்க முடியவில்லை. வறுமையில் பிறந்து, சீர்திருத்தப் பள்ளியில் கார்னெட் கற்று, உலகமெல்லாம் கொண்டாடிய அந்த மனிதர், இரு நிறத்தாரும் கலந்து மேடையேறக் கூடாதென்று 1956-இல் லூசியானா மாகாணம் சட்டம் போட்டபோது, தம் குழுவில் இருநிறத்தவரும் இருந்தமையால், பிறந்த ஊரில் வாசிக்க மறுத்துவிட்டார். சட்டம் மாறிய பிறகு, 1965-இல்தான் திரும்பி வந்து வாசித்தார். இன்று பூங்காவுக்கும் விமான நிலையத்துக்கும் அவர் பெயர்தான். ஆகஸ்டு முதல் வாரக் கடைசியில், பழைய நாணயசாலைக் கட்டடத்தில் இருக்கும் ஜாஸ் மியூசியத்தைச் சுற்றி, அவர் பிறந்த நாளுக்காக 2001 முதல் 'சாட்ச்மோ' என்ற அவர் செல்லப்பெயரில் கோடை விழா நடந்து வருகிறது. முன்னே சொன்ன சகாய சங்கங்களின் ஞாயிற்றுக்கிழமை ஊர்வலங்கள் கடுங்கோடையில் பெரும்பாலும் நின்றுவிடும். இந்த விழாவின் ஞாயிறன்றோ, டிரெமேயிலுள்ள செயின்ட் அகஸ்டின் தேவாலயத்தில் ஜாஸ் வழிபாடும், அதன்பின் தெருவில் ஊர்வலமும் உண்டு. ஓரத்தில் நின்று படம் பிடிக்காமல், ஊர் ஜனங்களுக்குப் பின்னால் சேர்ந்து நடங்கள்.

உங்களில் ஒருவர் சைவம் என்று எழுதியிருந்தாய். ராஜ்மாச் சோற்றிலும், 'கீரைக் கம்போ' என்பதிலுங்கூட மாமிசம் இருக்கும். ஒவ்வோர் இடத்திலும் கேட்டுக்கொள்வது அவசியம். சர்க்கரை தூவிய பெனியே என்ற பணியாரமும் சிக்கரி கலந்த காப்பியும், 1862 முதல் நடந்துவரும் கஃபே டு மாண்டில் அவருக்குக் கிடைக்கும். பிற்பகலில் வெயில் புழுங்கும்போது, சாப்பிட்டூலஸ் தெருவிலுள்ள ஹான்சன் கடையில் பனிக்கட்டியைத் தூளாகச் சீவிப் பாகு ஊற்றித் தருவார்கள். வரிசையில் காத்திருந்தாலும் பாதகமில்லை. ஆகஸ்டு அங்கே புயல் காலம். புறப்படுமுன்னும் தினந்தோறும் வானிலைச் செய்தியைப் பாருங்கள்.

ஞாயிறன்றே திரும்பிவிடலாமென்று உன் நண்பர்கள் அவசரப்பட்டால் இணங்காதே. திங்கள் மதியம் ராஜ்மாச் சோறு உண்டபின் கிளம்பினால், இருட்டுவதற்குள் அட்சாஃபலாயா சதுப்பு நிலத்தின் நெடும்பாலத்தைக் கடந்து லஃபயட் சேர்ந்துவிடலாம். அங்கே அக்கார்டியன் வைத்து வாசிக்கும் சைடெகோ என்ற வேறொரு சங்கீதமும் வேறொரு சமையலும் இருக்கின்றன. தங்க மனமிருந்தால் எழுது, அவற்றைப் பற்றி உடனே பதில் போடுகிறேன்.

இப்படிக்கு,
உன் மாமா