பஞ்சாங்கம் பார்த்துப் பூநாரை பார்க்கலாம்

மும்பையில் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ தாராவியிலோ சொந்தக்காரர் வீட்டில் குளிர்கால விடுமுறையைக் கழிக்கப் போகிறீர்களா? பைனாகுலரை மறக்காமல் பெட்டியில் வையுங்கள். ஸ்வெட்டர்கூடத் தேவைப்படாத ஊர். லோக்கல் ரயில் போகும் தூரத்திலேயே தாணே கழிமுகம். நல்ல வருடங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட பூநாரைகள் அங்கே வந்து இறங்குகின்றன. ஆனாலும் போனவர்களில் பலர் ஒன்றும் பார்க்கவில்லை என்று திரும்பி வருகிறார்கள். இடத்தை மட்டும் விசாரித்துக்கொண்டு, கடல் ஏறும் நேரத்தை விசாரிக்காமல் போவதுதான் காரணம். சிவ்ரியா, நேருலா, ஐரோலியா, தாராவி நேச்சர் பார்க்கா, போரிவலியா என்பதை முடிவு செய்ய வேண்டியது நீங்கள் போகும் நாளின் நீரேற்றம்.

சென்னையில் வளர்ந்தவர்களுக்கு இது பழக்கமில்லை. மெரினாவில் நீர்மட்டம் ஏறி இறங்குவது அதிகம் போனால் ஒரு மீட்டர். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நான்கு மீட்டர் வரை, சில நாட்களில் அதற்கு மேலும் ஏறி வடிகிறது. வடிந்த நேரத்தில் சேற்றுவெளி வெகுதூரம் விரிந்து கிடக்கும். பறவைகள் இரை தேடி அதன் விளிம்புக்குப் போய்விட, கரையில் நிற்பவர் கண்ணுக்கு ஓர் இளஞ்சிவப்புக் கோடுதான் மிஞ்சும். நீர் ஏற ஏற அவை கரைப்பக்கம் நகர்ந்து வரும். சேறு முழுவதும் மூழ்கிவிட்டால் நிற்க இடமில்லாமல் எழும்பி, நேருல் பக்கத்துக் குளங்களில் போய் ஒதுங்கும்.

இதைக் கணக்கிட வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் போதும். அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் மும்பையில் நீர் உச்சத்துக்கு ஏறுவது ஏறத்தாழ நடுப்பகலில். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரம் போலத் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமிக்கு முந்தைய ஏகாதசி முதல் சதுர்த்தசி வரையான நாட்களில் உச்சம் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரைக்குள் வரும். அஷ்டமி, நவமியை ஒட்டி ஏற்றமே குறைவு. அதுவும் விடியலிலும் மாலையிலும் வந்து போய்விடும். நிமிடக் கணக்கு வேண்டுமென்றால் போனில் மும்பைக்கான டைட் டேபிளைப் பாருங்கள்.

இனி சிவ்ரி. ஹார்பர் லைனில் சிவ்ரி நிலையத்தில் இறங்கி ஆட்டோவிலோ நடந்தோ ஜெட்டிக்குப் போகலாம். செம்பூரிலிருந்தும் மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிளிலிருந்தும் நேர் ரயில் உண்டு, செலவும் இல்லை. 1994 வாக்கில் பூநாரைகள் இந்த நகரத்தின் கண்ணில் பட்டதே இங்கேதான். கழிமுகம் உங்களுக்குக் கிழக்கே இருப்பதால் காலையில் வெயில் முகத்தில் அடிக்கும். பறவை நிழலுருவாகத்தான் தெரியும். பிற்பகலில் சூரியன் முதுகுப்பக்கம் வந்துவிட, நிறம் முழுவதும் துலங்கும். ஆகவே பௌர்ணமி அல்லது அமாவாசையன்று பிற்பகல் இரண்டு மணிக்கு மேல், நீர் வடிந்து சேறு தலைகாட்டும் நேரத்தில் போய் நிற்பதே சரி. குறைகளையும் சொல்லிவிட வேண்டும். லாரியும் பழைய கப்பலும் சூழ்ந்த துறைமுகப் பகுதி. உட்கார இடமோ கழிப்பறையோ எதிர்பார்க்க முடியாது. 2024 ஜனவரியில் திறந்த அடல் சேது பாலம் இங்கிருந்துதான் புறப்படுகிறது. பாலத்துக்கு முன்பு சிவ்ரியைப் பார்த்தவர்கள் சொல்லும் கூட்டத்தை இன்று அதே அளவில் எதிர்பார்க்காதீர்கள்.

நேருலின் கணக்கு இதற்கு நேர்மாறு. சிவ்ரிக்கு நீர் வடிய வேண்டும். நேருலுக்கு நீர் நிறைய வேண்டும். பன்வேல் ரயிலில் சீவுட்ஸ் தாராவேயில் இறங்கி ஆட்டோ பிடித்தால், டிபிஎஸ் ஏரியும் டி.எஸ். சாணக்யா சதுப்பு நிலமும் பக்கத்தில். செம்பூரிலிருந்து நேர் ரயில். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து வருபவர்கள் வடாலா ரோடில் மாற வேண்டும். ஏகாதசி தொடங்கி பௌர்ணமி வரை, உச்சத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய் அமைதியாக நின்றால், கழிமுகத்திலிருந்து கூட்டங்கூட்டமாகப் பறந்து வந்து இறங்குவதைப் பார்க்கலாம். கழிமுகம் மேற்கே இருப்பதால் காலை வெயில் முதுகுப்பக்கம். பூநாரைகளோடு கருவால் மூக்கன்களும் உள்ளான்களும் தோளோடு தோள் உரசி நிற்கும். பெரும்பாலானவை குஜராத்தின் கட்ச் பக்கமிருந்து வரும் சிறு பூநாரைகள். கோடியக்கரையில் நாம் பார்த்துப் பழகிய பெரும் பூநாரைக்கு அலகு இளஞ்சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு. சிறு பூநாரைக்கு அலகு முழுவதுமே கருஞ்சிவப்பு.

இந்தக் குளங்களின் உயிர் கடல்நீர் வந்து போகும் வாய்க்கால்களில் இருக்கிறது. அடைபட்டால் காய்ந்துபோகும். டிபிஎஸ் ஏரி அப்படிக் காய்ந்ததையும், 2024-ல் அந்தப் பக்கத்தில் பூநாரைகள் இறந்ததையும் நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை. அதே வருடம் மே 20 இரவு காட்கோபர் வானத்தில் விமானத்தில் மோதி முப்பதுக்கும் மேற்பட்டவை மாண்டன. கழிமுகம் 2015-லேயே சரணாலயம், 2022-லிருந்து ராம்சார் தலம். ஆனால் ஒதுங்கும் குளமும் பிழைத்தால்தான் அந்தப் பறவைகளுக்கு வாழ்வு. ஆகவே போகும் முன் குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ட்ரோன் விடாதீர்கள், சேற்றில் இறங்காதீர்கள்.

அப்பா அம்மாவையோ சின்னக் குழந்தைகளையோ அழைத்துப் போனால் ஐரோலி. வனத்துறையின் கடலோரப் பல்லுயிர் மையத்திலிருந்து படகு போகிறது. அலையாத்திக் காட்டை ஒட்டிப் போய்ப் பூநாரைகளைக் கிட்டத்தில் காட்டுவார்கள். கட்டணம் உண்டு, முன்பதிவு அவசியம். படகு நேரமும் நீரேற்றத்தைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும். மத்திய ரயில் பாதையில் பாண்டுப்புக்குப் போனால் பம்பிங் ஸ்டேஷன் பக்கத்தில் வாத்தும் நாணல் பறவையும் பார்க்கலாம். பறவை பார்த்துப் பழகியவர்களுக்குத்தான் அது ருசிக்கும்.

அஷ்டமி, நவமியில் மாட்டிக்கொண்டவர்கள் கடலை விட்டுவிட்டு மரங்களுக்குப் போங்கள். 104 சதுர கிலோமீட்டர் போரிவலி தேசியப் பூங்காவில் அரசவால் ஈப்பிடிப்பானும் துடுப்புவால் கரிச்சானும் காத்திருக்கும், ஆனால் ஒரு முழு நாள் போய்விடும். அரை நாள்தான் இருக்கிறது என்றால் தாராவி பஸ் டிப்போவுக்கு எதிரே இருக்கும் மகாராஷ்டிரா நேச்சர் பார்க்கைத் தேர்ந்தெடுங்கள். நகரத்தின் குப்பைமேடாகக் கிடந்த 37 ஏக்கர். மரம் நட்டு வளர்த்து 1994-ல் திறந்தார்கள். இன்று மாங்குயிலும் செம்மார்புக் குக்குறுவானும் அங்கே கேட்கும். பின்பக்கம் மித்தி ஆற்றோரம் மீன்கொத்தியும் கொக்கும் நிற்கும். நூற்றுக்கும் மேற்பட்ட பறவை வகைகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். தாராவியில் தங்குபவர்கள் நடந்தே போகலாம். சயானிலும் மாட்டுங்காவிலும் இருக்கும் நம் ஆட்களில் எத்தனையோ பேர் பல வருடங்களாக அந்த வாசலைத் தாண்டிப் போகிறார்களே தவிர உள்ளே போனதில்லை. அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

மாதத்தையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் கடற்காகங்களும் உள்ளான்களும் நிறைய இருக்கும். பூநாரைக் கூட்டம் நன்றாகச் சேர்வது ஜனவரிக்குப் பிறகு. லீவை நகர்த்த முடிந்தால் பிப்ரவரிக்கு நகர்த்துங்கள். இரண்டு நாள் இருந்தால் ஒரு காலை நேருல், ஒரு பிற்பகல் சிவ்ரி. ஒரே நாள்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம்: பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு, காலை ஒன்பது மணிக்கு நேருல்.