எத்தனையில் எத்தனை?

யாராவது சதவீதம் போட்டுப் பேசினால் நாம் வாயடைத்துப் போகிறோம். எண் பொய் சொல்லாது என்று ஒரு நினைப்பு. எண் பொய் சொல்லாமலே இருக்கலாம். ஆனால் நாம் கேட்ட கேள்வி ஒன்றாகவும் அது சொல்லும் பதில் வேறொன்றுக்காகவும் இருந்துவிடும். நிகழ்தகவு, புள்ளியியல் பற்றிப் பரவலாக உள்ள ஆறு நம்பிக்கைகளை இங்கே பார்க்கலாம். ஆறிலும் விட்டுப்போகும் கேள்வி ஒன்றுதான்: எத்தனையில் எத்தனை?

நம்பிக்கை 1: தொடர்ந்து தோற்றால் அடுத்தது வெற்றிதான்.

2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்தியா டாஸில் தோற்றது. அங்கிருந்து 2025 மார்ச் 9 அன்று துபாயில் நடந்த சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டம் வரை, வரிசையாக 15 ஒருநாள் போட்டிகளில் டாஸ் எதிரணிக்கே போனது. ‘இத்தனை தடவை போயாச்சு, அடுத்தது நமக்குத்தான்’ என்று நினைக்காத ரசிகர் குறைவு. ரோகித் சர்மாவுக்குப் பதில் சுப்மன் கில் கேப்டனாக வந்தார். அந்த அக்டோபரில் பெர்த்தில் 16ஆவது டாஸும் போனது.

உண்மை: 15 முறை தொடர்ந்து தோற்க 32,768இல் ஒரு வாய்ப்புதான். ஆனால் அது முதல் டாஸுக்கு முன்னால் போட வேண்டிய கணக்கு. பதினைந்தும் முடிந்த பிறகு பதினாறாவதற்குப் பாதிக்குப் பாதிதான்.

‘நாளடைவில் சமமாகிவிடும் என்கிறார்களே?’ என்று கேட்கலாம். இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் முகாமில் அடைபட்டிருந்த கணித ஆசிரியர் ஜான் கெரிச், ஒரு நாணயத்தை 10,000 முறை சுண்டிக் கணக்கெழுதினார். முதல் 100இல் தலை 44 முறை விழுந்தது; பாதிக்கு 6 குறைவு. 10,000 முடிந்தபோது 5,067. பாதியைவிட 67 அதிகம். எண்ணிக்கையில் இடைவெளி கூடியிருக்கிறது! ஆனால் 100இல் 6 என்பது 6 சதவீதம். 10,000இல் 67 என்பது ஒரு சதவீதம்கூட இல்லை. நாணயம் பழைய குறையை ஈடுகட்டுவதில்லை. எண்ணிக்கை பெருகப் பெருக அந்தக் குறை பொருட்டில்லாமல் போகிறது, அவ்வளவே.

நம்பிக்கை 2: நூறாண்டு வெள்ளம் வந்து போய்விட்டது, இனி நம் காலத்தில் வராது.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் பலரும் சொல்லிக்கொண்ட ஆறுதல் இது.

உண்மை: நீரியல் பொறியாளர்கள் ‘நூறாண்டு வெள்ளம்’ என்பது, எந்த ஓர் ஆண்டை எடுத்தாலும் வருவதற்கு 100இல் 1 வாய்ப்புள்ள வெள்ளத்தை. போன வருடம் வந்ததா இல்லையா என்பது இந்தக் கணக்கில் இல்லை. 20 ஆண்டு வீட்டுக் கடன் அடைபடுவதற்குள் அது ஒருமுறையாவது வர 18 சதவீத வாய்ப்பு உண்டு. 30 ஆண்டுகளில் 26 சதவீதம். இதுவும் ஓர் ஊருக்கு மட்டுமான கணக்கு. மாநிலம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் எங்காவது ஓர் இடத்தில் வருவது இன்னும் சாதாரணம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டித் தீர்த்தது. போதாக்குறைக்கு, அந்த 1 சதவீதம் பழைய மழைப் பதிவுகளைக் கொண்டு போட்டது. பருவநிலை மாறினால் அதுவும் மாறும்.

நம்பிக்கை 3: டெஸ்ட் 99 சதவீதம் துல்லியம், பாசிட்டிவ் வந்தால் 99 சதவீதம் நோய் உறுதி.

மிக அதிகமாக நம்பப்படுவதும், வீண் கலக்கத்தை அதிகம் உண்டாக்குவதும் இதுதான்.

உண்மை: ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் நோய். நோயுள்ள 100 பேரில் 99 பேரைச் சரியாகக் காட்டும் டெஸ்ட். நோயில்லாத 100 பேரில் ஒருவருக்குத் தவறாகப் பாசிட்டிவ் சொல்லும். எந்த அறிகுறியும் இல்லாத ஒரு லட்சம் பேர் இதைச் செய்துகொள்கிறார்கள்.

அவர்களில் நோயாளிகள் 100 பேர். 99 பேருக்குப் பாசிட்டிவ் வரும். மீதி 99,900 பேர் நலமானவர்கள். அவர்களில் நூற்றுக்கு ஒருவர் என்றால் 999 பேருக்கும் பாசிட்டிவ் வரும். மொத்தப் பாசிட்டிவ் 1,098. அதில் உண்மையான நோயாளி 99 பேர், அதாவது 9 சதவீதம். ரிப்போர்ட்டைப் பார்த்துக் கலங்கி நிற்கும் 11 பேரில் 10 பேருக்கு ஒன்றுமே இல்லை.

99 எப்படி 9 ஆனது? ‘நோயுள்ளவர்களில் எத்தனை பேருக்குப் பாசிட்டிவ்?’ என்பது லேப் சொல்லும் எண். ‘பாசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை பேருக்கு நோய்?’ என்பது உங்களுக்கு வேண்டிய எண். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போக, நோய் எவ்வளவு பரவலானது என்பது தெரிந்தாக வேண்டும். இப்படிக் கணக்கைத் திருப்பிப் போடும் வழியை ஆராய்ந்தவர் இங்கிலாந்தின் பாதிரியார் தாமஸ் பேயஸ். அவர் இறந்த பின், 1763இல் அந்தக் கட்டுரை அச்சேறியது.

இதனால் டெஸ்ட் வீண் என்று ஆகாது. அந்த 1,098 பேருக்கும் அதே தரமுள்ள, ஆனால் வேறு முறையில் இயங்கும் இன்னொரு டெஸ்ட் எடுத்தால், இரண்டிலும் பாசிட்டிவ் வருபவர் சுமார் 108 பேர்; அவர்களில் 98 பேர் உண்மையான நோயாளிகள். 9 சதவீதம் ஒரே தாவலில் 91 ஆகிறது. எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் ‘நம்பிக்கை மையங்க’ளில், அறிகுறி இல்லாத ஒருவருக்கு அந்தத் தொற்று இருப்பதாகச் சொல்வதற்கு முன் வெவ்வேறு வகைக் கிட்களில் மூன்று முறை சோதிப்பது இதனால்தான். அறிகுறிகளோடு டாக்டரிடம் போகிறவரின் கதையும் வேறு. அவரைப் போன்றவர்களில் நோயின் விகிதம் ஆயிரத்தில் ஒன்றைவிட மிக அதிகம். ஒரே ரிப்போர்ட், ஆளைப் பொறுத்துப் பொருள் மாறும்.

நம்பிக்கை 4: தற்செயலாக நடக்க வாய்ப்பே இல்லை என்றால், குற்றம் உறுதி.

இங்கிலாந்தின் வழக்கறிஞர் சாலி கிளார்க்கின் இரண்டு கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. கொலை என்று வழக்கு. அவருடையதைப் போன்ற குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறக்க 8,543இல் ஒரு வாய்ப்பு. இரண்டும் இறக்க அதை அதாலேயே பெருக்கினால் 7.3 கோடியில் ஒன்று என்று குழந்தை மருத்துவர் ராய் மெடோ சாட்சி சொன்னார். 1999இல் அந்தத் தாய்க்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

உண்மை: இங்கே பிழை இரண்டு. ஒன்று, பெருக்கியது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நிகழ்ச்சிகளைத்தான் அப்படிப் பெருக்கலாம். ஒரே வீட்டுக் குழந்தைகளுக்கு மரபணுவும் சூழலும் பொது. முதல் குழந்தை இறந்த குடும்பத்தில் இரண்டாவதுக்கு ஆபத்து கூடுதலாக இருக்கலாம். இரண்டாவது பிழை இன்னும் பெரியது. 7.3 கோடியில் ஒன்று என்பதை ‘அவர் நிரபராதியாக இருக்கும் வாய்ப்பு’ என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு தாய் தன் இரு குழந்தைகளையும் கொல்வதும் அதேபோல மிக அரிது. அரிய இரண்டில் எது கூடுதல் அரிது என்பதே நீதிமன்றம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. 2001இல் பிரிட்டனின் ராயல் புள்ளியியல் கழகம் இந்தக் கணக்கைப் பகிரங்கமாக மறுத்தது. குழந்தையின் மருத்துவச் சோதனை முடிவு ஒன்று மறைக்கப்பட்டதும் வெளிவர, 2003இல் சாலி விடுதலையானார். நான்கே ஆண்டுகளில் இறந்தும் போனார்.

நம்பிக்கை 5: எவ்வளவு பேரிடம் கேட்கிறோமோ அவ்வளவு சரியாக இருக்கும்.

1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று இதழ் எழுதியது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். சுமார் 50,000 பேரை மட்டும் கேட்ட கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப், ரூஸ்வெல்ட்தான் என்று சரியாகச் சொல்லியிருந்தார்.

உண்மை: முகவரிகள் பெருமளவும் தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் பதிவுப் பட்டியலிலிருந்தும் எடுக்கப்பட்டவை. பொருளாதார மந்தக் காலத்தில் போனும் காரும் வைத்திருந்தவர்கள் யார்? அட்டை கிடைத்தவர்களிலும் முக்கால்வாசிப் பேர் பதில் போடவில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். ஆனால் பானையைக் கிளறாமல் மேலாக எடுத்தால் கைப்பிடிச் சோறும் உதவாது.

குலுக்கல் முறையில் ஆளெடுத்தால் 1,000 பேர் போதும். பிழை பெரும்பாலும் ஏறக்குறைய 3 சதவீதத்துக்குள் அடங்கும். மக்கள்தொகை 8 கோடியானாலும் 140 கோடியானாலும் இதில் அனேகமாக மாற்றமில்லை. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு பேர் வேண்டும். ஆனால் அந்த 3 சதவீதம் குலுக்கலின் பிழையை மட்டுமே சொல்லும். கதவைச் சாத்துகிறவரும் மாற்றிச் சொல்கிறவரும் அதில் வரமாட்டார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கு மேல் என்று பல கணிப்புகள் சொன்னதும், கிடைத்தது 293 ஆனதும் நினைவிருக்கும்.

நம்பிக்கை 6: ஆய்வில் ‘புள்ளியியல்படி நிரூபணம்’ ஆகிவிட்டது, 95 சதவீதம் உண்மை.

உண்மை: இந்த ‘நிரூபண’த்துக்கு அளவுகோலாக வைக்கப்படும் 5 சதவீதக் கோட்டைப் பரவலாக்கியது 1925இல் வெளிவந்த ரொனால்டு ஃபிஷரின் நூல். ‘மருந்துக்குப் பலனே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு வித்தியாசம் தற்செயலாகத் தெரிய 100இல் 5க்கும் குறைவான வாய்ப்பு’ என்பதுதான் அந்தக் கோட்டைத் தாண்டுவதன் பொருள். மருந்து பலிக்க 95 சதவீத வாய்ப்பு என்று அது சொல்லவில்லை. எதற்கும் உதவாத 20 பொடிகளைத் தனித்தனியாகச் சோதித்தால், ஒன்றாவது இந்தக் கோட்டைத் தாண்ட 64 சதவீத வாய்ப்பு உண்டு. விளம்பரத்தில் அந்த ஒன்று மட்டும்தான் வரும். மற்ற பத்தொன்பதைப் பற்றிப் பேச்சிருக்காது.

ஆகவே, ரிப்போர்ட்டோ கருத்துக்கணிப்போ விளம்பரமோ, சதவீதம் கண்ணில் பட்டதும் மூன்று கேள்வி கேளுங்கள். இது எத்தனை பேரில்? அவர்கள் எப்படிப் பொறுக்கப்பட்டவர்கள்? இது கிடைப்பதற்கு முன் எத்தனை தடவை முயன்றார்கள்? இவற்றுக்குப் பதில் இல்லாத சதவீதத்தை நம்பி மாத்திரையும் வாங்க வேண்டாம், யாரையும் குற்றவாளி என்றும் சொல்ல வேண்டாம்.