வெள்ளியங்கிரி ஏறியவருக்கு கிண்டர் எம்மாத்திரம்?

கேள்வி: மே மாதம் மான்செஸ்டரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன். ஒரு சனிக்கிழமை ‘கிண்டர் ஸ்கவுட்’ என்ற மலைக்கு நடக்கக் கூட்டிப்போவதாக மருமகன் சொல்கிறார். உயரம் வெறும் 636 மீட்டராம். எனக்கு வயது 59. வெள்ளியங்கிரியின் ஏழு மலையையும் வெறுங்காலோடு பலமுறை ஏறியவன். அவரோ பூட்ஸ் வேண்டும், மழைக்கோட்டு வேண்டும், ஜீன்ஸ் கூடவே கூடாது என்று ஒரு பட்டியலே அனுப்பியிருக்கிறார். ஒரு நாள் நடைக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் தேவையா?
— வாசகர், கோவை

பதில்: உங்கள் கால்களைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. ஏறுவது அங்கே பெரிய வேலையும் இல்லை. எடேல் ரயில் நிலையத்தில் இறங்கி, அப்பர் பூத் பண்ணைகளைத் தாண்டி, ‘ஜேக்கப்ஸ் லேடர்’ என்ற கற்படி ஏற்றத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கினால் கடினமான பகுதி முடிந்துவிடும். மொத்த ஏற்றமே 400 மீட்டர் சொச்சம்தான். வம்பு அதற்குப் பிறகு.

வெள்ளியங்கிரியில் வழி தவற முடியாது. முன்னால் ஒரு கூட்டம், பின்னால் ஒரு கூட்டம், போய்ச் சேர ஒரு சந்நிதி. கிண்டரில் உச்சி என்று கை காட்ட ஒன்றும் இருக்காது. மேலே போனால் மொட்டைமாடி போல விரிந்து கிடக்கும் மேட்டுநிலம். ஹெதர் புதர், முரட்டுப் புல், கறுத்த ‘பீட்’ மண். இதைத்தான் ‘மூர்’ என்கிறார்கள். பாசியும் புல்லும் முழுக்க மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஈரத்திலேயே அமுங்கிக் கிடந்து உண்டான மண் இந்த பீட். நம் நீலகிரிச் சதுப்புகளிலும் இது உண்டு. கிண்டரில் சுற்றுவட்டார ஆலைகளின் புகை அந்தப் பாசியைக் கொன்றது. தீயும் ஆட்டு மேய்ச்சலும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. மேல்போர்வை போனதும் மழைநீர் பீட்டை அறுத்து அறுத்துப் பள்ளமாக்கிவிட்டது. உள்ளூர்க்காரர்கள் ‘க்ரஃப்’ என்பார்கள். சில ஆளுயரத்துக்கும் மேல். ஒன்றில் இறங்கி மறுபக்கம் ஏறுவதற்குள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பதே குழம்பிவிடும்.

என் கதையையே சொல்கிறேன். ஒரு ஜூன் மாதம், காலை பத்து மணிக்குப் பளிச்சென்று வெயில். பதினொன்றரைக்கு மேகம் இறங்கியது. கூட வந்தவரின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஓடையைப் பிடித்துக்கொண்டே போனால் ஊர் வந்துவிடும் என்ற நம்மூர் நினைப்பில் ஒரு நீரோட்டத்தின் கூடவே நடந்தோம். எடேல் இருப்பது தெற்கே. அந்த ஓடையோ மேற்கே, ‘கிண்டர் டவுன்ஃபால்’ அருவிக்குப் போகிறது. சுமார் 30 மீட்டர் பாறை விளிம்பு. மேல்காற்று பலமாக அடித்தால் அந்த அருவி விழாமல் மேல்நோக்கி எழும்பித் தெறிக்கும். அன்று அந்த நீர் முகத்தில் அறைந்ததால்தான் நின்றோம்.

வானிலை ஏன் இப்படி? அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று பென்னைன் மலைத்தொடரில் மோதி மேலே எழும்பிக் குளிர்ந்து மேகமாகிறது. கீழே 11 டிகிரி இருந்தால் மேலே 8 இருக்கும். இது ஒன்றும் பெரிய குளிரில்லையே என்பீர்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் காற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உடம்புக்கு மூன்று, நான்கு டிகிரியாகத்தான் தெரியும். இதில் நனைந்தும் இருந்தால்? மருமகன் ஜீன்ஸ் கூடாது என்பது இதற்காகத்தான். பருத்தி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு உடம்புச் சூட்டை இறக்கும். கோவை வெயிலில் வரமாக இருக்கும் அதே குணம் அங்கே எமன். உள்ளே கம்பளி அல்லது சீக்கிரம் காயும் செயற்கை இழை, வெளியே காற்றும் மழையும் புகாத கோட்டு, அதேபோல மழைக் கால்சட்டை, மே மாதமானாலும் குல்லாவும் கையுறையும். குடையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். காற்று அதை உங்களுக்கு மிச்சம் வைக்காது. வெறுங்கால் பக்தியை சிவனுக்கே வைத்துக்கொள்ளுங்கள், அங்கே முழங்கால் வரை சேறு.

நேரக் கணக்குக்கு ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் நைஸ்மித் 1892இல் சொன்ன வழி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. எடேலிலிருந்து ‘கிண்டர் லோ’ அளவைத் தூண் வரை போய் வந்த வழியே திரும்பினால் சுமார் 13 கிலோமீட்டர். கணக்குப்படி மூன்றேகால் மணி. சேறு, காற்று, புளியோதரைப் பொட்டலம், ஃபிளாஸ்க் டீ எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம் வையுங்கள். முதல் தடவைக்கு இந்த வழி போதும். கிரைண்ட்ஸ்புரூக் ஓடை வழியாக ஏறுவது அழகுதான், ஆனால் மேல்பகுதியில் ஈரப் பாறைகளைக் கைவைத்துப் பிடித்து ஏற வேண்டியிருக்கும்.

அந்த மேட்டில் பாதையை விட்டு எங்கு வேண்டுமானாலும் நடக்க உங்களுக்கு உரிமை உண்டு. சும்மா கிடைத்த உரிமையல்ல. வேட்டைப் பறவைகளுக்காக நிலவுடைமையாளர்கள் அடைத்து வைத்திருந்த கிண்டருக்குள் 1932 ஏப்ரல் 24 அன்று நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் வேண்டுமென்றே அத்துமீறி நுழைந்தார்கள். ஐந்து பேர் சிறை சென்றார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படிப்பட்ட நிலங்களில் நடக்கும் உரிமை 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. ஆனால் வேலி இல்லாத இடத்தில் ‘இதற்கு மேல் போகாதே’ என்று சொல்லவும் ஆள் இல்லை. ஜேக்கப்ஸ் லேடரின் தலைமாட்டில் நின்று பாருங்கள். நூறடி தள்ளி இருப்பது தெரியவில்லை என்றால் அங்கேயே டீயைக் குடித்துவிட்டு இறங்கிவிடுங்கள்.

மாட்டிக்கொண்டால் 999 அழைத்து, முதலில் காவல்துறை, பிறகு மலைமீட்புக் குழு என்று கேட்க வேண்டும். வருபவர்கள் காசு வாங்காத தன்னார்வலர்கள். போனில் சிக்னல் இல்லாவிட்டால் நிமிடத்துக்கு ஆறு விசில், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு.

ஆக, பட்டியல் சரிதான். எனக்கு அதில் ஒரு குறைதான் தெரிகிறது. நீங்கள் எழுதியதில் வரைபடமும் திசைகாட்டியும் இல்லை. போன் இருக்கிறதே என்று மருமகன் சொன்னால், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்று சொல்லுங்கள். ஆர்ட்னன்ஸ் சர்வே ‘ஓஎல் 1’ வரைபடம் என்று கேட்டால் அங்கே கடையில் கொடுப்பார்கள். அதை நீங்களே வாங்கி, கிளம்புவதற்கு முந்தின இரவு சாப்பாட்டு மேசையில் விரித்து, திரும்பும் வழி எந்தத் திசை என்று அவரைக் கேளுங்கள்.