டே கேர் பார்க்கச் சாயங்காலம் போங்கள்

முதல் இரண்டு குழந்தைகளுக்குப் பிரசவ விடுப்பு 26 வாரம் வரை. பலர் அதன் கடைசி இரண்டு வாரத்தில்தான் டே கேர் தேடக் கிளம்புகிறார்கள். அந்த நேரத்தில் எங்கே இடம் காலியோ அங்கேதான் சேர்க்க வேண்டியிருக்கும். விடுப்பு பாதி கழியும்போதே ஆரம்பித்துவிடுங்கள்.

முதலில் ஆபீஸில் கேளுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி தந்தாக வேண்டும். தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தம் இது. காப்பகம் ஆபீஸுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதில்லை, பொதுவான இடமாகவும் இருக்கலாம். ஹெச்.ஆரிடம் வாய்வார்த்தையாகக் கேட்காமல் மெயில் போடுங்கள். பக்கத்து டே கேரோடு ஒப்பந்தம் இருந்தும் யாரும் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

வெளியே தேடுவதானால், டே கேர்காரர்கள் வரச் சொல்லும் காலை பதினோரு மணிக்கு ஒருமுறை போய்விட்டு, மறுபடி சாயங்காலம் ஐந்தரைக்குப் போய் நில்லுங்கள். பதினோரு மணிக்கு எல்லா இடமும் பளிச்சென்றுதான் இருக்கும். ஐந்தரைக்கு ஆயாக்கள் களைத்திருப்பார்கள், பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள், மிச்சமிருக்கும் குழந்தைகள் சிணுங்கும். அப்போது ஒரு குழந்தை அழுதால் யார் தூக்குகிறார்கள், எவ்வளவு நேரம் கழித்துத் தூக்குகிறார்கள் என்று பாருங்கள். டிவி ஓடுகிறதா? டயப்பர் மாற்றிய ஆயா கை கழுவிவிட்டுத்தான் அடுத்த பிள்ளைக்குச் சாதம் ஊட்டுகிறாரா? ஒரே துண்டால் நாலு வாயைத் துடைக்கிறார்களா? ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்திருக்கிறார்களா? சுவரில் வரைந்த யானையையும் ஒட்டகச்சிவிங்கியையும் அப்புறம் ரசிக்கலாம்.

ஆயாவிடமே இரண்டு வார்த்தை பேசுங்கள். "எத்தனை வருஷமா இங்க இருக்கீங்கக்கா?" என்ற ஒரு கேள்வி போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறும் இடத்தில் குழந்தை யாரோடும் ஒட்டாது. நிர்வாகியின் ஆங்கிலத்தைவிட, கேமராவைவிட ஆயாக்கள் நிலைத்திருப்பதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன். கேமரா நடந்ததைக் காட்டும். அழும் பிள்ளையைத் தூக்காது. ஆள் எண்ணிக்கையையும் பாருங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட பத்துக் குழந்தைகளுக்குப் பயிற்சி பெற்ற ஒருவராவது, கூட ஓர் உதவியாளர் என்பது மத்திய அரசு 2018-இல் தந்த வழிகாட்டுதல். தலையை நீங்களே எண்ணுங்கள். வேலைக்குச் சேர்க்குமுன் போலீஸ் சரிபார்ப்பு செய்தார்களா என்று கேட்கவும் கூச்சப்படாதீர்கள்.

தாய்ப்பால் எடுத்துக் கொடுப்பதாக இருந்தால், டே கேரின் ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பால் ஃப்ரிட்ஜில் நான்கு நாள் தாங்கும். நம்மூர் வெயிலில் வெளியே வைப்பதே வேண்டாம். பாட்டிலில் பெயரும் தேதியும் எழுதிக் கொடுங்கள்.

காய்ச்சல் வந்தால் வந்து அழைத்துப் போகச் சொல்லும் டே கேர் நல்ல டே கேர். உங்களைக் கேட்காமல் மருந்து ஊற்றும் இடம் வேண்டாம். ஆனால் போன் வரும்போது மீட்டிங்கிலிருந்து எழுந்து போவது யார் என்று கணவனும் மனைவியும் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். பேசாமல் விட்டால் அது தானாக அம்மாவின் வேலையாகிவிடும், அவர் அப்ரைசலில்தான் அது எதிரொலிக்கும்.

வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்பே, முதலில் ஒரு மணி நேரம், பிறகு அரை நாள் என்று விட்டுப் பழக்குங்கள். ஆரம்ப நாட்களில் அழுவது சகஜம். வாரக்கணக்காகியும் அந்த வாசலைக் கண்டதும் உடம்பு விறைத்துப் பயந்தால், சொல்லாமல் கொள்ளாமல் நடுப்பகலில் ஒருநாள் போய்ப் பாருங்கள். உள்ளே விட மறுத்தால் அன்றைக்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். அதற்காகவே, வருஷக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாமல் மாதாமாதம் கட்டுவதாகப் பேசிக்கொள்ளுங்கள்.