அக்னி நட்சத்திரத்தில் சைக்கிள் மிதிக்க

மே முதல் வாரம் அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது என்பதற்காக சைக்கிளைத் துடைத்து ஓரமாக நிறுத்திவிட வேண்டாம். எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று யோசிக்கும் முன், எத்தனை மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள். வெயில் படுத்துவதெல்லாம் திரும்பி வரும்போதுதான். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாகிவிட்டால் புற ஊதாக் கதிர் கடுமையாகிவிட்டது என்று அர்த்தம். சென்னையில் மே மாதம் காலை ஒன்பது மணிக்கே நிழல் அப்படிக் குறுகிவிடும். சூரியன் உதிப்பது ஆறு மணிக்கு முன்பே. ஆகவே ஐந்தரைக்குக் கிளம்பினால் மூன்று மணி நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

கிளம்ப இருபது நிமிடம் இருக்கும்போது சன்ஸ்க்ரீன் பூசுங்கள். எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையக் கூடாது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். பலரும் பொட்டு வைக்கிற அளவுக்குத் தொட்டுக்கொண்டு, பலனில்லை என்று குறைபடுகிறார்கள். குனிந்து மிதிக்கையில் வானத்தைப் பார்த்திருப்பது பிடரிதான். அதையும் காது மடலையும் புறங்கையையும் விட்டுவிடாதீர்கள். திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகிறவர்களுக்கு, போகும்போது இடப்பக்கம் இளவெயில். திரும்பும்போது வலப்பக்கம் ஏறுவெயில். வலது கை அதிகம் கறுப்பது இதனால்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். அதற்குச் சோம்பல் என்றால் வெளிர்நிற முழுக்கைச் சட்டையோ கையுறை போல மாட்டும் ஸ்லீவோ போதும். என்னைக் கேட்டால் அதுவே மேல்.

தண்ணீர் பாட்டிலை முந்தின இரவே பாதி நிரப்பி ஃப்ரீசரில் படுக்கவைத்துவிடுங்கள். காலையில் மீதியை நிரப்பினால் வெகுநேரம் ஜில்லென்றிருக்கும். தாகம் எடுக்கக் காத்திராமல் கால் மணிக்கொரு தரம் நாலைந்து மடக்கு குடியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் மிதித்தால் வெறும் தண்ணீர் போதாது, உப்பும் வேண்டும். உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலைதட்டிப் போட்டுக் கலக்குங்கள்.

ஓடும்போது எதிர்காற்று வியர்வையை உலர்த்திவிடுவதால் சூடு தெரியாது. சிக்னலில் நின்றதும்தான் கொதிக்கும். கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம், நின்றால் வியர்வை காயவே காயாது. நிற்பதானால் மர நிழல் பார்த்து நில்லுங்கள். பிடரியிலும் ஸ்லீவிலும் தண்ணீர் விட்டு நனைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

தலைவலி, குமட்டல், உடம்பு சிலிர்ப்பு எது வந்தாலும் உடனே இறங்கி நிழலில் உட்காருங்கள். மீதி தூரத்தை ஆட்டோவில் போய்க்கொள்ளலாம். கூட வந்தவர் பேச்சு குழறினாலோ தடுமாறினாலோ அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றக் கூடாது.