மழை வந்தால் யாருக்கு வெற்றி?

பினாங்கில் விளையாடுகிறவர்களுக்கு மழையைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மத்தியானம் வெயில் மண்டையைப் பிளக்கும். நாலு மணிக்கு மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வரும். அரை மணி நேரத்தில் திடல் குளமாகிவிடும். அது நம் கையில் இல்லை. ஆனால் மழை வரப்போகிறது என்று தெரிந்த அந்தப் பத்து நிமிடம் இருக்கிறதே, அதில் நாம் என்ன செய்கிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது. முன்னிலையில் இருக்கிற அணிக்குத் திடீரென்று ஷூ கயிறு அவிழும். புதருக்குள் போன பந்தை எடுக்க மூன்று பேர் போவார்கள், அதுவும் நடந்து போவார்கள். பின்தங்கிய அணி, "சீக்கிரம் போடுடா!" என்று கத்தும். மழை கொட்டிய பிறகு சண்டை. "ஆட்டம் முடிஞ்சிருச்சு, நாங்கதான் ஜெயிச்சோம்." "எங்கே முடிஞ்சது? மறுபடி ஆடணும்!"

இந்த மாதப் பாடம் அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றியது.

இது நமக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. அமெரிக்கக் கல்லூரிகளின் பேஸ்பாலிலும் இதே கதைதான். அங்கே பொதுவாக ஐந்து இன்னிங்ஸ் ஆடி முடித்தால்தான் மழையில் நின்ற ஆட்டம் கணக்கில் சேரும். அதனால் நாலாவது இன்னிங்ஸில் இடி கேட்டால் ஒரு அணி அவசரப்படும், இன்னொரு அணி இழுத்தடிக்கும். ஆனாலும் மழையோடு அதிகம் மல்லுக்கட்டிய விளையாட்டு கிரிக்கெட்தான். நம்ம நாட்டிலேயே நடந்ததைப் பாருங்கள்.

2006 செப்டம்பர் 14, பூச்சோங் கின்ராரா ஓவல். இந்தியாவுக்கும் வெஸ்ட் இண்டீஸுக்கும் ஒருநாள் ஆட்டம். சச்சின் ஆட்டமிழக்காமல் 141. இந்தியா 50 ஓவரில் 309. வெஸ்ட் இண்டீஸ் 20 ஓவரில் 2 விக்கெட்டுக்கு 141 எடுத்திருந்தபோது மழையால் ஆட்டம் அதோடு நின்றது. டக்வொர்த் லூயிஸ் முறைப்படி வெஸ்ட் இண்டீஸுக்கு 29 ரன் வித்தியாசத்தில் வெற்றி. ஒருநாள் ஆட்டத்தில் இரண்டாவது அணி குறைந்தது 20 ஓவர் ஆடியிருந்தால்தான் முடிவு சொல்ல முடியும். ஒரே ஒரு ஓவர் குறைந்திருந்தால் முடிவில்லாத ஆட்டம், இந்தியாவுக்குத் தோல்வியும் இல்லை.

இரண்டே நாள் கழித்து, அதே திடலில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும். ஆஸ்திரேலியா 244. மிட்செல் ஜான்சன் பந்தில் இந்தியா நிலைகுலைந்து 8 ஓவரில் 35க்கு 5 விக்கெட். அப்போது மழை! 20 ஓவர் ஆகாததால் முடிவு இல்லை. முதல் நாள் நம்மைக் கவிழ்த்த அதே மழைதான் மூன்றாம் நாள் நம்மைக் காப்பாற்றியது. முதல் ஆட்டத்துக்கு "அநியாயம்" என்று கத்தியவர்களில் எத்தனை பேர் இரண்டாவதுக்கும் கத்தினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நியாயம் கேட்கிறோமா, நமக்குச் சாதகம் கேட்கிறோமா என்பது அங்கேதான் தெரியும்.

சரி, அந்தக் கணக்கு எப்படி? மீதி ஓவர், மீதி விக்கெட் இரண்டையும் ஒரு அணியின் கைமுதலாக அது பார்க்கிறது. 309ஐ வெறுமனே சராசரி பிரித்தால் 20 ஓவருக்கு 124 வேண்டும். ஆனால் வெஸ்ட் இண்டீஸ் கையில் 8 விக்கெட் இருந்ததால் 112 போதும் என்றது கணக்கு. விக்கெட் அதிகம் போயிருந்தால் அந்த எண் ஏறியிருக்கும். இதற்கு மாற்றாகக் கேரளத்துப் பொறியாளர் ஜெயதேவன் ஒரு முறை கண்டுபிடித்தார். தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

டக்வொர்த் லூயிஸ் வருவதற்கு முன்னால் நடந்த கூத்தை மூத்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. 1992 மார்ச் 22, சிட்னி, உலகக் கிண்ண அரையிறுதி. இங்கிலாந்தை வெல்லத் தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ரன் தேவை. பன்னிரண்டு நிமிட மழை. திரும்பி வந்தபோது 1 பந்தில் 21. அன்றைய விதிப்படி, இரண்டாவது அணி இழந்த ஓவர்களுக்கு ஈடாக முதல் அணி மிகக் குறைவாக அடித்த ஓவர்களைக் கழிப்பார்கள். தென்னாப்பிரிக்கா நன்றாகப் பந்து வீசிய ஓவர்களே கழிந்தன. அதனால் 2 ஓவர் போயும் இலக்கில் குறைந்தது 1 ரன்தான். நன்றாகப் போட்டதற்குத் தண்டனை! பிரையன் மெக்மில்லன் கடைசிப் பந்தில் ஒரு ரன் தட்டிவிட்டு வெளியே நடந்தார்.

விதி மோசம், சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு விஷயம் மறந்துபோகிறது. அந்த விதி போட்டிக்கு முன்பே எல்லாருக்கும் தெரியும். அடுத்தது, தென்னாப்பிரிக்கா அன்று நேரத்துக்குள் 45 ஓவர்தான் வீசி முடித்தது. இங்கிலாந்துக்கு மீதி 5 ஓவர் கிடைக்கவே இல்லை. இழுத்தடித்த கை எது என்று கேட்டால் பதில் அவ்வளவு சுலபமில்லை.

இனி 2024க்கு வருவோம். டி20 உலகக் கிண்ணம், செயின்ட் வின்சென்ட் தீவு, ஆப்கானிஸ்தானும் வங்காளதேசமும். ஆப்கானிஸ்தான் 115. வங்காளதேசம் 11.4 ஓவரில் 7 விக்கெட்டுக்கு 81. மழைக் கணக்கில் ஆப்கானிஸ்தான் 2 ரன் முன்னிலை. தூறல் ஆரம்பித்தது. வெளியிலிருந்து பயிற்சியாளர் ஜொனதன் டிராட் "மெதுவா, மெதுவா" என்று கை காட்டினார். உடனே ஸ்லிப்பில் நின்ற குல்பதின் நயிப் காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். தசைப்பிடிப்பு என்றார்கள். அதே ஆள் பிறகு பந்து வீசி விக்கெட்டும் எடுத்தார். நம்ம அஸ்வின், அவருக்குச் சிவப்பு அட்டை என்று சிரித்துக்கொண்டே பதிவு போட்டார். வேண்டுமென்று நேரம் கடத்தினால் எச்சரிக்கையில் தொடங்கி 5 ரன் அபராதம் வரை விதிக்க கிரிக்கெட் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் வலி உண்மையா நடிப்பா என்று எந்த நடுவர் எப்படிச் சொல்வார்? வலித்தது அவருக்கு மட்டுமே தெரியும். கடைசியில் ஆப்கானிஸ்தான் ஆடியே 8 ரன்னில் ஜெயித்து அரையிறுதிக்குப் போனது. அந்த விழுதல் இல்லாமலும் ஜெயித்திருப்பார்கள் போல. ஆனாலும் இன்று அந்த ஆட்டம் என்றால் பலருக்கு ஞாபகம் வருவது அந்த விழுதல்தான். அருமையாகப் பந்து வீசிய பதினொரு பேருக்கு இது எவ்வளவு பெரிய நஷ்டம்.

வகுப்பில் யாராவது ஒரு கெட்டிக்காரத் தம்பி கட்டாயம் கேட்பான்: "ஜயத்ரதனைக் கொல்லக் கண்ணனே சக்கரத்தால் சூரியனை மறைச்சாரே அண்ணே, அது மட்டும் சரியா?" நல்ல கேள்வி, தட்டிக்கழிக்காதீர்கள். குருக்ஷேத்திரத்திலும் போருக்கு முன் இரு தரப்பும் விதி பேசிக்கொண்டார்கள். முந்தின நாள் அபிமன்யுவைப் பலர் சேர்ந்து வளைத்துக் கொன்றபோது அந்த விதி செத்துப்போனது. அதன் பிறகு நடந்தது போர், தர்மத்தையே பணயம் வைத்த போர். ஞாயிற்றுக்கிழமைக் கிண்ணப் போட்டியில் எதிரில் நிற்பவன் ஜயத்ரதன் இல்லை. ஆட்டம் முடிந்ததும் நம்மோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கப் போகிறவன். கண்ணன் பெயரைச் சொல்லி ஷூ கயிறு கட்டுவது கொஞ்சம் அதிகம்.

நம் கிளைப் போட்டிகளுக்கு வருவோம். டாஸ் போடும் முன்பே இரண்டு கேப்டனும் நடுவரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: எத்தனை ஓவர் ஆனால் ஆட்டம் செல்லும், எத்தனை மணி வரை காத்திருப்பது, யார் கடிகாரம் கணக்கு. இடி விஷயத்தில் மட்டும் பேரம் வேண்டாம். இடி கேட்டால் எல்லாரும் வெளியே. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை யாரும் திடலில் இறங்கக் கூடாது, எத்தனை ரன் பின்தங்கியிருந்தாலும் சரி. விதி பிடிக்கவில்லையென்றால் அடுத்த கூட்டத்தில் மாற்றுங்கள். மழைக்கு நடுவில் மாற்றாதீர்கள்.

அடுத்த வகுப்பில் பேச ஒரு கேள்வி. உங்கள் அணி 2 ரன் முன்னிலை. தூறல் போடுகிறது. பந்து உங்கள் கையில். இந்த ஓவரை நீங்கள் முடித்தால் ஆட்டம் செல்லும், அவர்கள் அதற்குள் 3 ரன் எடுத்துவிடலாம். முடிக்காமல் மழை வந்தால் முடிவில்லாத ஆட்டம், புள்ளிக் கணக்கில் நீங்கள்தான் அடுத்த சுற்றுக்குப் போவீர்கள். சின்ன வயதிலிருந்து உங்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்த அண்ணன் கோட்டோரம் நின்று "மெதுவா" என்று கை காட்டுகிறார். அவர் பேச்சை நீங்கள் ஒருநாளும் தட்டியதில்லை. பந்தை எப்போது போடுவீர்கள், ஆட்டம் முடிந்ததும் அவரிடம் என்ன சொல்வீர்கள்?